ஒன்றரை வருடம் கழற்றாத சட்டை

கல்யாணமாகி இருபத்தாறு வருடங்களில், என்னிடம் உனக்குப் பிடித்தது எது என்று என் மனைவியை நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. கேட்டால் யோசிக்க ஆரம்பித்துவிடுவாள் என்ற பயம்தான். ஆனால் சனிக்கிழமை காலைகளில் எனக்குக் கேட்காமலே ஒரு பதில் கிடைத்துவிடும். புறக்கடையில் மணைக்கட்டை போட்டு என்னை உட்காரவைத்து உச்சியிலிருந்து எண்ணெய் தேய்த்துவிடுவாள். தலை, கழுத்து, முதுகு எல்லாம் சட்டியைத் தேய்க்கிற வேகத்தில் போகும். நெஞ்சுக்கு வந்ததும் கை கொஞ்சம் நிதானமாகும். அரை நிமிடம் கூடுதலாக நிற்கும். அதற்கு மேல் இரண்டு பேரும் ஒன்றும் பேச மாட்டோம். எங்கள் வீட்டில் காதல் என்று ஏதாவது நடந்ததென்றால் அது அந்த அரை நிமிடத்தில்தான் தொடங்கியது.

கட்டியையும் அந்த அரை நிமிடத்தில்தான் கண்டுபிடித்தாள்.

"ஏனுங்க, இதென்ன இங்க, பலாக்கொட்டையாட்டம்?"

"நேத்துத் தின்ன பழத்துல ஒண்ண முழுங்கிட்டேன் புள்ள. கீழ போக வழி தெரியாம எடது பக்கம் திரும்பிருச்சு."

அவள் சிரிக்கவில்லை. எனக்கு அது அதிர்ச்சி. மலைமேல் எங்கள் வாழவந்தி நாட்டில் நான் வாயைத் திறந்தால் நாலு பேர் சிரிப்பார்கள். கல்யாணப் பந்தியிலும் எனக்கு இடம் போட்டு வைப்பார்கள், சாவு வீட்டு வாசலிலும் போட்டு வைப்பார்கள். அப்படிப்பட்டவன் சொன்னதற்குச் சிரிக்காமல், இவள் எண்ணெய்க் கையோடு மறுபடி அதே இடத்தை அமுக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நாளாகவே அந்தப் பக்கத்துக் காம்பு உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. எனக்குத் தெரியும். குளிருக்குப் பயந்து உள்ளே போய்விட்டது என்று அதற்கும் ஒரு வேடிக்கை தயாராக வைத்திருந்தேன். யாரும் கேட்காததால் சொல்லவில்லை.

எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கிக் கீழ்நாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஊசி குத்தி எடுத்துப் பரிசோதித்தார்கள். அடுத்த வாரம் வரச் சொன்ன அறையின் வாசலில் வரிசையாகப் பெண்கள். தவறான வரிசையில் நிற்கிறோமோ என்று பலகையை இரண்டு தடவை படித்தேன். கதவைத் திறந்த நர்ஸ் என் மனைவியின் முழங்கையைப் பிடித்து, "பேஷண்ட் மட்டும் உள்ள வாங்கம்மா, வீட்டுக்காரர் வெளிய இருக்கட்டும்" என்றார்.

"அவருதானுங்க பேஷண்ட்டு" என்றாள் என் மனைவி.

பெஞ்சில் இருந்த அத்தனை பெண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். சிரிப்பா பரிதாபமா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உள்ளே நர்ஸ் ஒரு படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தவர், ஒரு கட்டத்தில் பேனாவை நிறுத்தினார். கடைசியாக மாதவிலக்கு வந்த தேதி.

"இன்னும் வரலீங்க. எதிர்பாத்துட்டுத்தான் இருக்கேன்" என்றேன்.

நர்ஸ் சிரித்தார். மனைவி தொடையில் கிள்ளினாள். அந்த அறையில் அன்று நான் செய்த ஒரே உருப்படியான காரியம் அதுதான். அதற்குப் பிறகு டாக்டரம்மா பேச ஆரம்பித்தார். எல்லா ஆண்களுக்கும் அந்த இடத்தில் கொஞ்சம் மார்புத் திசு இருக்கிறதாம். அபூர்வமாக அதிலும் புற்றுநோய் வருமாம். எனக்கு வந்திருக்கிறதாம்.

"அது எதுக்குங்க எங்களுக்கு? எங்களுக்கு அங்க ஒரு வேலையும் இல்லீங்களே."

"வேலையில்லாத எடத்துலதான் வம்பு வரும்" என்றார் டாக்டரம்மா. எனக்கு மேல் ஒரு ஆள் இருக்கிறார் என்று அப்போது தெரிந்துகொண்டேன்.

இடது மார்பை எடுத்தார்கள். அக்குளில் நெறிக்கட்டிகளை எடுத்தார்கள். மருந்து ஏற்றினார்கள். முடி கொட்டியது, மீசையும் கொட்டியது. கீழேயே ஒரு அறை எடுத்துத் தங்கிக் கதிர்வீச்சும் கொடுத்துக்கொண்டோம். கடைசி நாளில் கையில் ஒரு துண்டுப் பிரசுரம் தந்தார்கள். 'அன்புச் சகோதரியே' என்று ஆரம்பித்தது. உங்கள் உடல் மாறியிருக்கலாம், ஆனால் நீங்கள் மாறவில்லை. கண்ணாடி முன் நின்று உங்களைப் பார்க்கப் பழகுங்கள். உள்ளாடைக்குள் மெல்லிய பருத்தித் துணியை மடித்து வைத்துக்கொள்ளலாம். கணவரிடம் மனம்விட்டுப் பேசுங்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது முழுவதும் படித்தேன். கணவர் என்று வந்த இடங்களில் மனைவி என்று மாற்றிப் படித்துக்கொண்டேன். மற்றபடி எல்லாம் எனக்கே எழுதியது போலத்தான் இருந்தது. அது என் பயத்தை அதிகமாக்கியது.

ஊருக்கு என்ன சொல்வது என்பது எனக்கு ஆபரேஷனைவிடப் பெரிய பிரச்சினை. நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டது, எடுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். மொட்டைக்கு வேண்டுதல் என்றேன். "புருவத்தையுமா சாமிக்குக் குடுத்தே?" என்று டீக்கடையில் ஒரு பங்காளி கேட்டார். "ரெண்டும் சேத்துக் குடுத்தா சாமி சீக்கிரம் பாக்குமாம்" என்று சமாளித்தேன்.

முடி வளர்ந்துவிட்டது. மார்பு வளராது அல்லவா. எங்கள் பக்கத்தில் மரவள்ளிக் குச்சிக்கிழங்குக் காட்டில் மண்வெட்டி பிடிக்கிற ஆண் சட்டையைக் கழற்றிக் கிளையில் மாட்டிவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பான். நான் கழுத்துப் பித்தான் வரைக்கும் போட்டுக்கொண்டு கொத்தினேன். "என்ன, ஆபீசர் களை எடுக்கறாரா?" என்று கேட்டுக்கொண்டே போனார்கள். உள்ளே ஒரு பனியன். பனியனுக்குள் இடது பக்கம் நாலாக மடித்த கைக்குட்டை. பிரசுரத்தில் சொன்னபடி. வலது பக்கம் எனக்கு அப்படி ஒன்றும் மேடு கிடையாது, மிளகு ஏணியில் ஏறி இறங்கியே காய்ந்துபோன நெஞ்சு. தட்டையான ஒன்றுக்குச் சமமாக இன்னொரு தட்டையை ஏற்படுத்த நான் பட்ட பாட்டை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

தினம் ஒரு மாத்திரை, வருடக்கணக்கில் போட வேண்டும் என்றார்கள். பெண்களுக்கும் அதே மாத்திரைதான். திடீர் திடீரென்று உடம்பு கொதிக்கலாம், ஆசை குறையலாம் என்று டாக்டரம்மா முன்கூட்டியே சொன்னார். இரண்டும் தவறாமல் வந்தன. மார்கழியில் ஊரே கம்பளிக்குள் சுருண்டிருக்க, நான் வாசலில் நின்று துண்டால் விசிறிக்கொண்டிருப்பேன். காலையில் எழுந்ததும் கண்ணாடியில் மீசை இருக்கிறதா என்று பார்ப்பேன். குரல் மெலிந்துவிட்டதா என்று சோதிக்க எதிர்ச்சரிவுக் காட்டில் இருந்த பங்காளியைக் காரணமில்லாமல் கூப்பிடுவேன். அவர் பாவம், மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடிவருவார். "ஒண்ணுமில்ல, காது கேக்குதான்னு பாத்தேன்" என்பேன். மூன்றாவது தடவைக்குப் பிறகு அவர் ஓடிவருவதை நிறுத்திவிட்டார். குரல் போய்விட்டது என்று அன்று இரண்டு வேளை சோறு இறங்கவில்லை எனக்கு.

சனிக்கிழமை எண்ணெயை நிறுத்தினேன். தையல் போட்ட இடம், எண்ணெய் ஆகாது என்றேன். தையல் ஆறிப் பல மாதம் ஆகியிருந்தது. அவளுக்கும் தெரியும்.

ஒரு மழைநாள் மத்தியானம். வெளியே ஓடு உடைகிற மாதிரி மழை. இரண்டு பேரும் கட்டிலில் உட்கார்ந்திருந்தோம். அவள் பேசிக்கொண்டே என் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது பித்தானுக்குக் கை போனதும், பஸ்ஸில் பிக்பாக்கெட்காரனைப் பிடிப்பது போல அவள் மணிக்கட்டைப் பிடித்தேன். பிடித்த பிறகு என்ன செய்வதென்று தெரியவில்லை. வாய் மட்டும் வழக்கம்போல வேலை செய்தது.

"இன்னிக்குக் கடை லீவு."

அவள் கையை விடுவித்துக்கொண்டாள்.

"கடைய மூடறதா இருந்தாச் சொல்லிருங்க. நான் வாசல்ல நின்னுட்டிருக்க வேண்டாம் பாருங்க."

எழுந்து, நனைகிற மிளகை உள்ளே இழுக்கப் போய்விட்டாள். அதற்கு அடுத்த வாரம் நான் ராத்தூக்கத்தைக் காட்டுக் குடிசைக்கு மாற்றிக்கொண்டேன். கிழங்கைப் பன்றி தோண்டுகிறது, காவல் வேண்டும் என்று காரணம். அந்த வருடம் எங்கள் காட்டுப் பக்கம் ஒரு பன்றிகூட எட்டிப்பார்க்கவில்லை. அதையும் என் காவலின் பெருமையாகச் சொல்லிக்கொண்டேன். பரிசோதனைக்குப் போகும்போது டாக்டரம்மா கேட்பார், "வீட்ல ரெண்டு பேரும் எப்படி இருக்கீங்க? ஏதாவது சிரமம் இருந்தாச் சொல்லுங்க." எல்லாம் நல்லா இருக்குங்க என்பேன். என் மனைவி சுவரில் இருந்த காலண்டரை வெகு அக்கறையாகப் படித்துக்கொண்டிருப்பாள்.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வர வேண்டும். ஆஸ்பத்திரியில் தந்தது ஒருமுறை நடுவிலேயே தீர்ந்துவிட்டது. மலைமேல் எங்களுக்கு ஏதாவது வேண்டுமென்றால் காலை பஸ் கண்டக்டரிடம் சீட்டு எழுதிக் கொடுத்துவிடுவோம். டிராக்டருக்கு போல்ட், பள்ளிக்கூடத்துக்கு சாக்பீஸ், கல்யாணத்துக்கு மாலை, எதுவானாலும் சேந்தமங்கலத்தில் வாங்கி சாயங்கால பஸ்ஸில் ஏற்றி வந்து அவரவர் நிறுத்தத்தில் கொடுத்துவிடுவார். நல்ல மனிதர். ஒரே குறை, படிக்கட்டில் நின்றபடி எல்லாவற்றையும் சத்தமாகச் சொல்லித்தான் கொடுப்பார். அது அவர் பொறுப்புணர்ச்சி.

மருத்துவர் எழுதிய சீட்டில் என் பெயரும், ஆண் என்பதும் இருந்தன. அதை அவர் கையில் கொடுப்பதா? நான் புத்திசாலி. காலியான மாத்திரை அட்டையை மட்டும் கொடுத்தனுப்பினேன். பெயரும் இல்லை, ஆணும் இல்லை.

சாயங்காலம் பஸ் வந்து நின்றது. நிறுத்தத்தில் பத்துப் பன்னிரண்டு பேர். கண்டக்டர் படியில் தொங்கியபடி காகிதப் பொட்டலத்தை நீட்டினார்.

"அண்ணா, அக்காளுக்கு மாத்திரை. மாருல கட்டி எடுத்தவங்களுக்குக் குடுக்கறதாமே. மருந்துக்கடைக்காரரு கேட்டாரு, எப்ப ஆபரேசன் ஆச்சுன்னு. ஒரு நாளும் வுடாமப் போடச் சொன்னாருங்க அக்காள."

பஸ்ஸுக்குள் பேச்சு நின்றது. நிறுத்தத்தில் பேச்சு நின்றது. என்ஜின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவளுக்கல்ல, எனக்குத்தான் என்று எதையாவது சொல்ல நேரம் இருந்தது. நிறையவே இருந்தது.

"சரிங்க. சொல்லிடறேன்" என்றேன்.

இரண்டே வார்த்தை. என் நோயை என் மனைவியின் மேல் இறக்கிவைக்க அவ்வளவுதான் தேவைப்பட்டது.

மறுநாள் காலையிலேயே ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பாக்கெட் ரொட்டியும் ஆரஞ்சுப் பழமுமாக. எல்லாரும் பெண்கள். வந்து உட்கார்ந்து மழையைப் பற்றியும் மிளகைப் பற்றியும் பேசுவார்கள். கண் மட்டும் என் மனைவியின் சேலைத் தலைப்புக்குப் போய்ப் போய் வரும். அவள் ஒன்றும் புரியாமல் தலைப்பை இழுத்து இழுத்துவிட்டுக்கொண்டாள். மூன்றாவது ஆளாக வந்தவர் மேல்வீட்டு அத்தை. ஊரில் யார் வீட்டில் நல்லது கெட்டது என்றாலும் முதலில் கூப்பிடுகிற ஆள், கோயில் நோன்புத் திருவிழாவில் பெண்கள் பக்கத்து அதிகாரம் முழுவதும் அவரிடம். அவருக்குச் சுற்றி வளைக்கத் தெரியாது.

"எந்தப் பக்கம் கண்ணு எடுத்தாங்க?"

என் மனைவி அத்தையைப் பார்த்தாள். திண்ணையில் இருந்த ரொட்டிகளைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். நான் எங்கள் பலாமரத்தில் எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எடதுங்க அத்தே" என்றாள்.

அத்தை போன பிறகு நான் உள்ளே போனேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் அதற்கு ஒரு வேடிக்கை சொல்லி முடித்துவிடலாம்.

"ஏம்புள்ள அப்படிச் சொன்னே?"

"நீங்க பலாமரத்தப் பாத்துட்டு நின்னதப் பாக்க முடியல. அதான்" என்று சொல்லிவிட்டு ஆரஞ்சுப் பழத்தை உரிக்க ஆரம்பித்தாள். எனக்கு ஒரு சுளைகூடக் கொடுக்கவில்லை. "இது நோவாளிக்குக் குடுத்தது" என்றாள்.

அன்று முதல் அவள் நோயாளியாக நன்றாகவே நடந்துகொண்டாள். குழாயடியில் குடத்தைத் தூக்கப் போனால் நாலு பெண்கள் ஓடிவருவார்கள். "நீ தூக்காத சாமி, கை வீங்கிக்கும். எங்க உங்கூட்டுக்காரன்? மரமாட்டம் நின்னுட்டிருக்கான் பாரு." கை வீங்கும் என்பது உண்மை. வீங்குவது என் கை. இடது கையால் பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டரம்மா சொல்லியிருந்தது எனக்கு. நான் வலது தோளில் ஒரு குடமாக, ஏழெட்டு நடை நடந்தேன். ஊரே பார்த்துக்கொண்டிருக்க, எப்படி ஒரு கையை மட்டும் வைத்துக்கொண்டு தூக்குகிறேன் என்று யாரும் யோசிக்கவில்லை. சோம்பேறி என்று நினைத்துக்கொண்டார்கள். என் மனைவி வாசலில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தபடி, "பாத்துங்க, சிந்தாமக் கொண்டாங்க" என்பாள்.

இதையெல்லாம் தாங்கிக்கொண்டிருப்பேன். எனக்கு வசதியாகக்கூட இருந்தது. டீக்கடையில்தான் கெட்டது. காது கேட்கிறதா என்று நான் சோதித்த அதே பங்காளி, டம்ளரை வைத்துவிட்டு என் தோளில் கை போட்டார்.

"தம்பி, நீ பெரிய மனுசன்டா. வேற எவனா இருந்தாலும் அவள அவங்கப்பன் ஊட்ல கொண்டுபோய் வுட்டிருப்பான். ஒடம்புல பாதி போன பொம்பளையோட குடும்பம் நடத்தறதுன்னா சும்மாவா."

நான் டீயை ஊதினேன். அதை அடக்கம் என்று அவர் எடுத்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"ஒருவேள உனக்கு வேற நெனப்பு ஏதும் வந்தாலும், ஊருல ஒருத்தரும் தப்பாப் பேச மாட்டோம். ஆம்பள பாரு."

சுற்றியிருந்த இரண்டு பேர் தலையாட்டினார்கள். அந்த டீயை நான் குடித்து முடித்தேனா என்று நினைவில்லை. இரண்டு கையும் இரண்டு மாரும் சரியாக இருக்கிற ஒருத்தி, பாதி உடம்பு போனவனோடு குடும்பம் நடத்திக்கொண்டிருக்கிறாள். அவளிடம் போய், வேறு நினைப்பு வந்தால் தப்பில்லை என்று யாராவது சொல்வார்களா? சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாளா? ஒன்றரை வருடமாக என் பயமே அதுதான் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. பித்தானைக் கழற்ற விடாததும், பன்றிக்குக் காவல் போனதும் அதற்குத்தான். பார்த்துவிட்டால் போய்விடுவாள். நான் சிரிப்புக் காட்டுகிறவன் என்று பெயர். என் மூளையில் ஓடியது இவ்வளவு மட்டமான கதை.

வீட்டுக்கு வந்தபோது மனைவி பித்தளைத் தட்டைத் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் கோயில் நோன்பு. அந்தத் தட்டில்தான் எங்கள் வீட்டு மாவிளக்கு போகும். காலையில்தான் புளிபோட்டுத் தேய்த்து வெயிலில் வைத்திருந்தாள்.

"ஏன் சுத்தறே?"

"அத்த சொல்லிட்டுப் போச்சு. நோவு பட்ட ஒடம்பு, இந்த வருசம் வெளக்கு எடுக்க வேண்டாம், அடுத்த வருசம் பாத்துக்கலாம்னு."

ஸ்டூலைப் போட்டு ஏறித் தட்டைப் பரணில் வைத்தாள். இறங்கி ஸ்டூலை அதன் இடத்தில் வைத்தாள். அழவில்லை, என்னைக் குத்தியும் பேசவில்லை. வடக்குக் காட்டில் வேலி பிரிந்திருக்கிறது என்று வேறு ஏதோ சொன்னாள்.

எங்கள் கோயில் வழக்கத்தை இங்கே சொல்லிவிட வேண்டும். நோன்பன்று வீட்டுக்கு ஒரு ஆண், சட்டையில்லாமல் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சாமி முன்னால் வரிசையில் நிற்பான். பூசாரி ஒவ்வொருவர் நெற்றியிலும் இடது நெஞ்சிலும் திருநீறு பூசுவார். பூசியதும் அந்த வீட்டுப் பெண் விளக்கோடு உள்ளே போவாள். ஆண் நிற்காத வீட்டு விளக்கு உள்ளே போகாது. விளக்கு இல்லாத வீட்டு ஆண் நிற்க வேண்டியதில்லை. போன வருட நோன்பின்போது கதிர்வீச்சுக்காகக் கீழே இருந்ததால் தப்பித்தேன். இந்த வருடம் அந்தத் திருநீற்றை நினைத்து மூன்று மாதமாக நாள் எண்ணிக்கொண்டிருந்தவன் நான். நோன்பன்று நாமக்கல்லில் ஏதாவது வேலையை உண்டாக்கிக்கொண்டு ஓடிவிடத் திட்டமும் வைத்திருந்தேன். இப்போது அதற்குக்கூடத் தேவையில்லை. எதிரே வந்த அத்தை தானாகவே சொன்னார்: "உங்கூட்டு வெளக்கு இல்லையில்ல, நீ நிக்க வேண்டாம் சாமி. சட்டையப் போட்டுட்டு ஓரமா இரு."

ஒன்றரை வருடமாக எந்த வார்த்தைக்குத் தவம் இருந்தேனோ அதே வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை.

நோன்பன்று காலையில் நான் ஸ்டூலைப் போட்டுத் தட்டை இறக்கினேன். இடது கை மேலே முழுதாக எழாது. வலது கையால் துழாவியதில் பழைய முறம் ஒன்று தலையில் விழுந்தது. சத்தம் கேட்டு அவள் வந்தாள்.

"மாவு இடி" என்றேன்.

"வேண்டாம்னுட்டாங்கல்ல."

"அவங்க வேண்டாம்னது நோவு பட்ட ஒடம்ப. உன்னையல்ல. நான் போய் நிக்கறேன்."

அவள் என் கழுத்துப் பித்தானைப் பார்த்தாள். "அதோடயா?"

 முறத்தை எடுத்துப் பரணில் வைக்கிற மாதிரி பாவனை செய்தேன்.

கோயிலில் வரிசையின் கடைசியில் போய் நின்றேன். பறை அடித்துக்கொண்டிருந்தார்கள். பெண்கள் பக்கம் அத்தை என் மனைவியின் தட்டைப் பார்த்துவிட்டு ஏதோ கேட்பதும், அவள் தலையை ஆட்டி என் பக்கம் காட்டுவதும் தெரிந்தது. பூசாரி நாலு ஆள் தள்ளி வந்துவிட்டார். நான் பித்தானைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒன்றரை வருடம் விடாமல் போட்டிருந்த சட்டை, அதற்கும் என்னை விட மனமில்லை. மூன்றாவது பித்தான் வரவே இல்லை. இழுத்தேன், தெறித்துப் போயிற்று. பிறகு பனியன். இடது கை எழாததால் அது தலையில் மாட்டிக்கொண்டது. முகம் பனியனுக்குள், உடம்பு வெளியே. அந்த நிலையில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்ளே இருட்டாகவும் பாதுகாப்பாகவும் இருந்தது. இப்படியே இருந்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். பக்கத்தில் நின்ற பங்காளிதான் இழுத்துவிட்டார். நாலாக மடித்த கைக்குட்டை நேராகப் பூசாரியின் திருநீற்றுத் தட்டில் போய் விழுந்தது.

பூசாரி கைக்குட்டையைப் பார்த்தார். என் நெஞ்சைப் பார்த்தார். வலது பக்கம் வழக்கமான சரக்கு. இடது பக்கம் காம்பில்லாமல், முடியில்லாமல், அக்குள் வரைக்கும் ஒரு கோடு. கதிர்வீச்சில் கறுத்த தோல். பறை நின்றதா, எனக்குக் காது அடைத்ததா, தெரியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து அத்தை விடுவிடுவென்று வந்தார்.

"ஏன்டா, உனக்கா?"

"ஆமாங்கத்தே. எனக்குத்தான். அவளுக்கு ஒண்ணுமில்லீங்க."

"ஆம்பளைக்கு எங்கிருந்துடா வருது?"

"அதைத்தானுங்க நானும் டாக்டரம்மாகிட்டக் கேட்டேன்."

"அப்பறம் எதுக்குடா அந்தப் புள்ள எடதுன்னு சொல்லுச்சு?"

"நான் சொல்லாததுனாலதாங்க."

 அத்தை கூட்டத்தைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னார்: "இத மறைக்கத்தான் மகராசன் பித்தானப் போட்டுக்கிட்டுத் திரிஞ்சிருக்கான். நான் என்னமோ இவனுக்கு மாப்பிள்ளை முறுக்கு வந்திருச்சுன்னு நெனச்சேன்." ஆட்கள் சிரித்தார்கள். நான் சொல்லாத வேடிக்கைக்கு ஊர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். என் தோளில் கை போட்ட பங்காளி மட்டும் சிரிக்கவில்லை. இடுப்புத் துண்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

பூசாரி திருநீற்றுக் கையோடு தயங்கி நின்றார். "எங்கப்பா வெக்கறது?"

"அங்கயே வெய்ங்க. உணர்ச்சிதான் இல்ல. எடம் அப்படியே இருக்குதுங்க."

வைத்தார். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். என் மனைவி விளக்கோடு என்னைக் கடந்து உள்ளே போனாள். போகிற போக்கில் உதட்டை அசைக்காமல், "இப்பத்தான் ஒரு மாசமாத் தண்ணிக் கொடம் தூக்காம இருந்தேன். அதயும் கெடுத்தாச்சு" என்றாள்.

அதன் பிறகு நடந்ததை வீரக்கதையாக எழுத எனக்கும் ஆசைதான். சட்டையைக் கழற்றியதும் ஆண்மை திரும்பி வந்தது என்று. அப்படியெல்லாம் ஒன்றும் வரவில்லை. மாத்திரை அதன் வேலையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறது. அடுத்த பரிசோதனையில் டாக்டரம்மா வழக்கமான கேள்வியைக் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி, "இவரு பன்னிக்குக் காவல் போயிட்டாருங்க" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மாத்திரையை நீங்களாக நிறுத்தக் கூடாது, ஆனால் இதைப் பேசலாம், இதற்கும் வழிகள் உண்டு, ஒன்றே ஒன்றுதான் தாம்பத்தியம் என்று யார் சொன்னது என்று டாக்டரம்மா அரை மணி நேரம் பேசினார். நான் காலண்டரைப் படித்தேன். ஊரிலும் ஒரு மாற்றம். மிளகுக் கொடி மறைவில் என்னைக் கூப்பிட்டு, சட்டையைத் தூக்கி, "இங்க தொட்டுப் பாரேன்" என்று கேட்கிற ஆண்கள் இதுவரை மூன்று பேர். எனக்கென்ன தெரியும், மூவரையும் கீழே அனுப்பினேன். இரண்டு பேருக்கு ஒன்றுமில்லை. மூன்றாவது ஆள் தோளில் கை போட்ட அந்தப் பங்காளி, அவருக்கு வெறும் கொழுப்பு என்று சொல்லியிருக்கிறார்கள். இதை நான் முன்பே சொல்லியிருப்பேன்.

நோன்பு முடிந்த சனிக்கிழமை காலையில் புறக்கடையில் மணைக்கட்டை போட்டிருந்தது. பக்கத்தில் எண்ணெய்க் கிண்ணம். அடுப்பில் வெந்நீர். அவள் கூப்பிடவில்லை. நான் சட்டையைக் கழற்றிக் கொய்யாக் கிளையில் மாட்டிவிட்டு உட்கார்ந்தேன். தலை, கழுத்து, முதுகு. பழைய வேகம்தான். நெஞ்சுக்கு வந்ததும் கை நின்றது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். ஊர் முழுக்கப் பார்த்தாகிவிட்டது, இவள் பார்ப்பதற்கு மட்டும் என்ன இப்படி என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

"கண்ணத் தொறங்க. நான் ஒண்ணும் ஊசி போடல."

திறந்தேன். அவள் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். காட்டில் விதைக்கிறதற்கு முன்னால் மண்ணைப் பார்க்கிற மாதிரி ஒரு பார்வை. நடுவில் விரலை வைத்தாள்.

"இங்க தெரியுதா?"

"இல்ல."

கொஞ்சம் தள்ளி வைத்தாள். "இங்க?"

"இல்ல. எதிர்ச்சரிவுல இருந்து யாரோ கூப்பிடற மாதிரி இருக்குது."

சிரித்தாள். எத்தனையோ மாதம் கழித்து. விரல் கோட்டின் வழியே மெதுவாக நடந்து, விலா எலும்பு ஏறும் இடத்தில், மரத்த தோல் முடிந்து என் பழைய தோல் ஆரம்பிக்கிற எல்லையில் நின்றது.

"இங்க?"

"ம்."

"நல்லாத் தெரியுதா?"

"நல்லாவே."

"அப்ப இங்கிருந்து ஆரம்பிச்சுக்கலாம்" என்றாள்.

அன்று வெந்நீர் ஆறிப்போய், இரண்டு தடவை காய்ச்ச வேண்டியதாயிற்று. இரண்டாவது தடவைக்கு விறகு நான்தான் எடுத்துவந்தேன், வலது கையில், சட்டையில்லாமல்.